ஏனோக்கைத் திருப்பித் தரவேண்டிய தேதி

ஞானதிரவியம் சார் சிவப்பு மையால் திருத்தித் திருத்தி, அதைத் தாங்கமாட்டாமல் ஒரு மனுஷன் புத்தகத்துக்குள்ளிருந்து எழுந்து வெளியே வந்தானே, அந்த வருஷம் தென்கரைப்பேட்டையில் ஐப்பசி மழை கார்த்திகைக்குத் தள்ளிப்போய், வாய்க்கால் உடைந்து, வாழைத்தோப்புக்குள் நாலு நாள் தண்ணீர் நின்றது, நூலகத்துக் கூரை ஒழுகி வாரப் பத்திரிகைகளெல்லாம் ஊறிப்போயின; இவற்றில் எது பெரிய விஷயம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் வாழைத்தோப்பைத்தான் சொல்வார்கள்.

சாரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் முப்பத்திநாலு வருஷம் இங்கிலீஷ் வாத்தியார், ஊரிலேயே இங்கிலீஷில் எம்.ஏ. படித்த ஒரே ஆள், தமிழிலும் எங்கே ஒற்று மிகும் எங்கே மிகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். ஓய்வு பெற்ற மறுநாளே சட்டைப் பையில் சிவப்புப் பேனாவைச் செருகிக்கொண்டு கிளம்பி, ஓட்டல் பலகை, கல்யாணப் பத்திரிகை, சர்ச் அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் திருத்தினார், அதோடு நிற்காமல் காதில் விழுந்ததையும் திருத்தினார். டீக்கடையில் பத்துப் பேர் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், இவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் "சார் வாராரு" என்று ஒருத்தர் சொல்வார், அத்தனை பேரும் வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டு, "வணக்கம் ஐயா, நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுத் தம்ளருக்குள் பார்க்க ஆரம்பிப்பார்கள். சார் இதை மரியாதை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி செல்லக்கனி செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்து ஊர்க்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது, அப்படி ஒரு பேச்சு. அந்தப் பேச்சை சார் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து முப்பது வருஷம் திருத்தினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் நிறுத்திக்கொண்டாள். கோயம்புத்தூரில் இருக்கும் மகளோடு மொட்டைமாடியில் நின்று மணிக்கணக்காகப் பேசுவாள், மீன்காரியோடு பேசுவாள், வாசலுக்கு வரும் பூனையோடும் பேசுவாள். சாரிடம் மட்டும் மூன்றே சொல், 'சரி', 'ஆச்சு', 'இல்லை'. பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்த வரைக்கும் சாருக்கு இது உறைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்த மூன்று சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு பொழுது கிடக்கிறது என்று தெரிந்தது. ஒரு நாளாவது இவள் தன்னிடம் வாய்விட்டுப் பேசமாட்டாளா என்று அவர் ஏங்கினார். அதை ஏக்கம் என்று சொல்லிக்கொள்ளவும் தெரியாமல் எரிச்சலாக்கி, ஊரார் தலையில் கொண்டுபோய்க் கொட்டினார்.

கிளை நூலகத்தின் மூன்றாவது அலமாரியில் இரண்டாவது தட்டு முழுக்க இங்கிலீஷ் புத்தகங்கள். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் பங்களாவைக் காலி செய்தபோது மாட்டுவண்டியில் வந்து இறங்கியவை; கரையானைத் தவிர யாரும் தொட்டதில்லை. சார் அவற்றை இடமிருந்து வலமாக ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு வந்தார். அப்படிப் படித்துக்கொண்டு வருகையில் கையில் அகப்பட்டது அட்டை கிழிந்த ஒரு பழைய அமெரிக்க நகைச்சுவைப் புத்தகம், பதிவெண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. ஒரு பெரிய ஆறு, அதன் கரையில் கடைக்காரன், மரக்கட்டைத் தெப்பம் ஓட்டுகிறவன், கோவேறு கழுதை மேய்க்கிறவன், ஒருத்தனை ஒருத்தன் புளுகில் தோற்கடிக்கப் பார்க்கிற கதைகள். அதை எழுதினவன், அந்த ஆட்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே அச்சில் ஏற்றியிருந்தான். பாதி சொல்லை விழுங்கி, மீதியை மூக்கால் இழுத்து, எழுவாய் ஒரு பக்கம் பயனிலை ஒரு பக்கமாக, வாய்க்குள் புகையிலையை அதக்கிக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும், அப்படி.

படிக்கப் படிக்க சாருக்கு வயிறு எரிந்தது. இதுவா இங்கிலீஷ்? இதற்காகவா அவர் முப்பத்திநாலு வருஷம் தொண்டை வறளக் கத்தினார்? ஒரு மனுஷனின் படிப்பறிவின்மையை அப்படியே பிடித்துக் காட்டினால் அது நகைச்சுவையாகிவிடுமா? பேச்சுதான் இப்படி என்றால் மற்றதும் அப்படியே. கழுதையின் முதுகில் இருந்த புண்ணைப் பற்றி ஒன்றரைப் பக்கம், அதன் மேல் எத்தனை ஈ உட்கார்ந்தது, எந்த ஈ எழுந்து போனது என்பதுவரைக்கும். புண்ணைப் பார்க்க வேண்டுமானால் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள மாட்டோமா, அதற்கு ஒரு புத்தகமா என்று அவர் நூலகத்தில் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே கேட்டார். பிறகு, நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று தலைக்கு மேலேயே எழுதிப் போட்டிருந்தும், பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாக அடித்து மேலே சரியான சொல்லை எழுதிக்கொண்டே போனார், ஓரங்களில் 'இப்படி உலகத்தில் எவனும் பேசமாட்டான்' என்று எழுதினார், அடுத்த பக்கத்திலும் அதையே எழுதினார்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஏனோக்கு என்கிற கழுதைக்காரன் நடு ஆற்றில் கழுதையோடு நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தான். சார் அவன் சொன்ன முதல் வாக்கியத்தில் நாலு பிழை திருத்தினார், ஐந்தாவதைத் திருத்தப் போகையில் பேனா வெறும் வெள்ளைத்தாளில் வழுக்கிக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தால், எதிர் நாற்காலியில் நெட்டையாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான், முழங்கால்வரை கால்சட்டை நனைந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, தாடை அசைந்துகொண்டிருந்தது. அவன் சாரைப் பார்த்து என்னவோ சொன்னான். சாருக்கு ஒரு எழுத்துகூட விளங்கவில்லை.

"தண்ணி கேக்காரு சார்," என்றார் பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த வாழைத்தார் மண்டி சங்கரலிங்கம், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"கழுதைக்கும் சேத்துல்லா கேக்காரு," என்றாள் நூலகர் பிரமநாயகி, மேசையிலிருந்து. "கழுதை உள்ளயே நிக்காம்."

பிரமநாயகி சட்டம் தெரிந்தவள். எழுந்து வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஏனோக்கு பேசின இடமெல்லாம் வெறிச்சென்று வெள்ளையாக இருந்தது. கடைக்காரன் அவனிடம் கேட்ட கேள்விகள் மட்டும் பதிலில்லாமல் நின்றன. சிவப்பு மையையும் பார்த்தாள், சாரையும் பார்த்தாள். தவணைச் சீட்டு ஒன்றை எடுத்துத் தேதி முத்திரையைக் குத்தி, அதை ஏனோக்கின் சட்டைப் பையில் குண்டூசியால் குத்திவிட்டாள்.

"சார், புத்தகம் உங்க அட்டையில இருக்கு. பதினாலு நாளு உங்க வீட்டுலதான். தேதி தப்பாமக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க."

"என்ன அம்மா சொல்கிறீர்கள்? இவர் மனிதர்! மனிதரை எப்படி வீட்டுக்கு எடுத்துப் போவது?"

"மனுசர்தான், யாரு இல்லன்னா? ஆனா நாலாயிரத்து நானூத்திப் பதினேழுலருந்துல்லா வந்திருக்காரு. அட்டையில வெளிய போன நூலகச் சொத்து எதுவானாலும் அந்த உறுப்பினர் பொறுப்பு. கசங்காம, கிழியாம, நனையாம வச்சுக்கிடணும்." பிரமநாயகி கீழே தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். "வரும்போதே நனஞ்சுதான் வந்தாருன்னு பதிஞ்சுக்கிடுதேன்."

இப்படியாக ஏனோக்கு முதலில் ஞானதிரவியம் சார் வீட்டுக்குத்தான் வந்தான். பைபிளில் இருக்கிற பெயர். செல்லக்கனியின் சொந்தத்திலேயே ரெண்டு ஏனோக்கு உண்டு. "வாங்க அண்ணாச்சி, காலக் கழுவிட்டு வாங்க, மீங்கொழம்பு இருக்கு" என்று அவள் சொன்னதும், அவன் அதற்கு மூக்காலேயே பதில் சொன்னதும், அதற்கு அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததும், எல்லாம் ஒரு நிமிஷத்தில் நடந்து முடிந்தன. சார் வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

அந்தப் பதினாலு நாளும் அந்த வீட்டில் பேச்சு ஓயவில்லை. ஏனோக்கு தன் ஆற்றைப் பற்றிப் புளுகினான், அதன் அகலத்துக்கு ஒரு கரையில் விடிந்தால் மறுகரையில் முந்தின நாள் சாயங்காலமாக இருக்கும் என்றான். செல்லக்கனி தன் ஊர்த் தேரி மணலைப் பற்றிப் புளுகினாள், காற்றடித்தால் ஒரு பனைமரம் ஒரே ராத்திரியில் அடுத்த ஊருக்குப் போய்விடும், காலையில் பனையேறி அதைத் தேடிக்கொண்டு போவான் என்றாள். அவன் அவன் பாஷையில் பேசினான், அவள் அவள் பாஷையில் பேசினாள், ஒருத்தர் சொன்னது மற்றவருக்கு எப்படி விளங்கியது என்று ரெண்டு பேருமே யோசித்ததாகத் தெரியவில்லை. சார் முன்னறையில் நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எம்.ஏ. படித்தது நான், அவன் பேசுவது எந்தக் கர்மமானாலும் அது இங்கிலீஷ்தானே, எனக்கு விளங்காதது எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு விளங்குவது என்ன நியாயம் என்று அவருக்குப் பொறுக்கவில்லை. அதைவிடப் பொறுக்காதது, அந்தச் சிரிப்பு இந்த வீட்டுக்குள் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்பது.

பதினாலாம் நாள் மதியம் ஏனோக்கு கழுதைக் கதையை ஆரம்பித்தான், எந்தக் கதையின் நடுவில் எழுந்து வந்தானோ அந்தக் கதை. செல்லக்கனி கேட்டுக் கேட்டுச் சிரித்தாள், ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதையை முடித்துவிட்டு ஏனோக்கு ஆற்றுக்குக் குளிக்கப் போனான். சார் மெதுவாக அடுக்களை வாசலுக்கு வந்து, "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்த்தாள். சிரிப்பின் ஈரம் இன்னும் முகத்தில் இருந்தது. அதனாலோ என்னவோ, ஆறு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சிக்கு அன்னைக்கு அக்கரையில கல்யாணமாம். புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு, ஒத்தக் கண்ணுக் கழுதை மேல ஏறி ஆத்துக்குள்ள எறங்கியிருக்காரு. நடு ஆத்துல கழுதை நின்னுட்டாம். மேக்க மழ பேஞ்சு வெள்ளம் ஏறுதாம், முட்டளவு, பொறவு இடுப்பளவு. கழுதை அசையமாட்டேங்கு. கோயிலு குருவானவரு கணக்காச் சொல்லிப் பாத்தாராம், சவத்துக் கழுதை காத மட்டும் ஆட்டுச்சாம். கோர்ட்டு ஜட்ஜி கணக்கா அதட்டிப் பாத்தாராம். பொறவு பள்ளிக்கோடத்து வாத்தியாரு கணக்கா..."

"பொறவு இல்லை, பிறகு," என்றார் சார்.

வேண்டுமென்று சொல்லவில்லை. தும்மல் வருவதுபோல் வந்துவிட்டது. சொன்ன அடுத்த கணமே நாக்கைக் கடித்துக்கொண்டார், ஆனால் செல்லக்கனி நிறுத்திவிட்டாள். நிறுத்தி, அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை சார் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறார். எங்கே என்று தேடினார், தேடினது கிடைத்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலை, தொலைபேசியை வைத்துவிட்டு அவள் முன்னறைக்கு ஓடிவந்து, "எங்க அண்ணன் செத்துப்போயிட்டானாம்" என்று கதறினாள்; விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சார் தலையைத் தூக்காமலே, "இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும்" என்றார்.

"மீதிக் கதை?" என்று அவர் இப்போது கேட்டார்.

"இல்லை," என்றாள் செல்லக்கனி, அரிவாள்மணையை நிமிர்த்திப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் தவணைத் தேதி. சார் ஏனோக்கை நூலகத்தில் ஒப்படைத்தார், ஒப்படைத்த கையோடு மறுபடியும் தன் பெயரில் எழுதச் சொன்னார். "முன்பதிவு இருக்கு சார்," என்று பிரமநாயகி நோட்டைத் திருப்பிக் காட்டினாள். முன்னால் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஏனோக்கு வீடு வீடாகப் போனான், ஒவ்வொரு வீட்டிலும் பதினாலு நாள், சட்டைப் பையில் புதுச் சீட்டோடு. சங்கரலிங்கம் எடுத்துக்கொண்டுபோய் வாழைத்தார் மண்டியில் உட்காரவைத்தார். தார் கொண்டுவந்தவர்கள் ஏலம் முடிந்த பிறகும் போகாமல் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எங்கள் மேற்குப் பக்கத்து ஆட்கள் மாதிரியே பேசுகிறான் என்று மேற்கேயிருந்து வந்தவர்கள் சொன்னார்கள், இல்லை, கடற்கரைப் பேச்சு இது என்று கருவாட்டுக்காரிகள் சொன்னார்கள், இதில் சண்டை வந்து ஒரு கல்யாணப் பேச்சுவார்த்தையே தள்ளிப்போனது. போதகர் ஒரு தவணை எடுத்தார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவர் தன் வீட்டுக்குள் பேசுகிறமாதிரியே பேசிவிட்டார், பின்வரிசைக்காரர்கள் முதல்தடவையாக முழுப் பிரசங்கத்துக்கும் விழித்திருந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் பிரியப்பட்டு அவனுக்கு முடிவெட்டிவிட, பிரமநாயகி அதைச் சேதம் என்று பதிவேட்டில் எழுதி, முடி வளரும்வரை அந்த வீட்டுக்கு அட்டையை நிறுத்திவைத்தாள். வாக்காளர் பட்டியலுக்கு ஆள் வந்தபோது முகவரி கேட்டார்கள், அவன் சார்பில் அவளே சொன்னாள்: மூன்றாவது அலமாரி, இரண்டாவது தட்டு. பட்டியல்காரர் அதை எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

ஏனோக்கால் ஊருக்கு ஒரு நல்லதும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவன் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, எந்த வழக்கையும் தீர்க்கவில்லை, சோம்பேறி, கண்ட இடத்தில் துப்புவான், சொன்னதில் பாதி பொய். ஆனால் அவன் கழுதையின் முதுகுப் புண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் சந்தைக்கே நாற்றம் தெரியும், சும்மா போகிறவர்கள்கூட நின்று, ஈ எந்தப் பக்கம் உட்கார்ந்தது, சீழ் எந்த நிறம் என்று விசாரித்தார்கள். அந்தக் கழுதையைப் பார்த்திராத ஊர், ஆற்று நடுவில் அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறதே என்று கவலைப்பட்டது. சார் மட்டும் டீக்கடைக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே கேட்கும் சிரிப்பை வெளியே இருந்து கேட்டுவிட்டு, தான் உள்ளே நுழைந்தால் அது நின்றுபோகும் என்பதை இப்போது தெரிந்துகொண்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

பங்குனியில் சாருக்கு முன்னால் இன்னும் பதிமூன்று பேர் இருக்கும்போது மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. வருடாந்திர இருப்புச் சரிபார்ப்பு. வெளியே போன நூல்கள் யாவும் வெள்ளிக்கிழமைக்குள் தட்டில் இருக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஊரே நூலகத்துக்கு வந்துவிட்டது. மண்டி ஆட்கள் கழுதைப் புண்ணுக்கு ஒரு குப்பி வேப்பெண்ணெய் கொண்டுவந்து ஏனோக்கின் பையில் வைத்தார்கள், மூன்று வேளை தடவ வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்கள். சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், தனக்குத் தெரிந்ததிலேயே திருத்தமான இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அந்தக் கழுதைக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று அவனிடம் கேட்டார்.

ஏனோக்குக்குச் சந்தோஷம். அரைமணி நேரம் சொன்னான். கழுதையாக நின்று காட்டினான், வெள்ளமாக ஏறிக் காட்டினான், இடுப்பில் கைவைத்துக்கொண்டு பெண்குரலில் யாரோ ஏசுவதுபோல் ஏசிக்காட்டினான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது, பிரமநாயகி முத்திரைப் பெட்டியை மூடிவிட்டுச் சிரித்தாள். சாருக்கு ஒரு எழுத்துகூட விளங்கவில்லை.

அவர் சங்கரலிங்கத்தின் கையைப் பிடித்தார். "என்ன சொன்னார்? கழுதைக்கு என்ன ஆயிற்று? தயவுசெய்து சொல்லுங்கள்."

சங்கரலிங்கம் சாரிடம் படித்தவர், அடி வாங்கினவர். சிரித்துக்கொண்டிருந்த முகத்தைத் துடைத்து நேராக்கிக்கொண்டு, கைகட்டி நின்று, மனதுக்குள் ஒவ்வொரு சொல்லாகக் கோத்துப் பார்த்துப் பிழையில்லாமல் சொன்னார். "கழுதை கரையை அடைந்தது, ஐயா."

"அவ்வளவுதானா? அரைமணி நேரம் பேசினாரே!"

"அவ்வளவுதான் ஐயா. பின்னர் திருமணம் நடைபெற்றது, ஐயா."

சாருக்கு அழுகை வந்தது. சுற்றி நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், ஒவ்வொருத்தரும் அவர் கண் பட்டதும் வாயை மூடிக்கொண்டு மரியாதையாகத் தலையைக் குனிந்தார்கள். ஏனோக்கு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, குப்பியைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குள் இறங்கிப் போனான். பிரமநாயகி புத்தகத்தை மூடித் தட்டில் வைத்தாள்.

சரி, புத்தகம் இருக்கிறதே, கடைசிப் பக்கத்தை எடுத்துவந்து நூறு தடவை படித்தாவது தெரிந்துகொள்ளலாம் என்று சனிக்கிழமை காலையில் சார் நூலகம் திறக்கும் முன்பே போய் நின்றார். தட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. "அதிகாரி கொண்டுபோயிட்டாரு சார்," என்றாள் பிரமநாயகி. "முதல்லருந்து நூத்திப் பன்னெண்டு பக்கம் ஒரே செவப்பு மை, பொறவு அதுக்கு மேல பூராம் வேப்பெண்ணெ. சேதமான புத்தகம்னு எழுதிட்டாரு. எண்ணெ யாரு ஊத்துனான்னு கேட்டாரு, சொன்னேன். மை யாருதுன்னு கேட்டாரு." அவள் ரப்பர் முத்திரையைத் துடைத்தாள். "தெரியாதுன்னுட்டேன்."

சார் வீட்டுக்கு வந்தார். அன்று முழுவதும் எதையும் திருத்தவில்லை, நாளிதழைக்கூட அப்படியே விட்டுவிட்டார். சாயங்காலம் செல்லக்கனி அடுக்களைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். சார் உள்ளே வந்து, முப்பத்தாறு வருஷத்தில் முதல்தடவையாக, அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் ஒரு பூவை எடுத்து, உள்ளே இருக்கும் வேகாத நரம்பை, கள்ளனை, இழுத்துப் பார்த்தார், அது வரவில்லை, நகத்தால் கிள்ளி எடுத்தார். அடுத்த பூவையும் எடுத்தார்.

பிறகு பேசத் தொடங்கினார். அவருடைய ஊர் உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரத்தில் மற்றப் பையன்கள் அந்தப் பேச்சைச் சொல்லிக்காட்டிச் சிரித்ததில் ஒரே மாதத்தில் அதைத் தேய்த்துக் கழுவிக் கொட்டினவர் அவர். இப்போது அதைத் தேடித் துழாவி எடுத்தார். துருப்பிடித்துப் போய், திக்கித் திக்கி வந்தது.

"அந்த... ஏனோக்கு அண்ணாச்சி கழுதை இருக்குல்லா?"

செல்லக்கனியின் கை நின்றது. தலை நிமிரவில்லை.

"அது வெள்ளத்துல முங்கிச் செத்துப்போச்சாம்."

முப்பத்திநாலு வருஷம் வாத்தியாராக இருந்தவர், எழுத்திலும் பேச்சிலும் தெரிந்தே செய்த முதல் பிழை அதுதான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பொறுத்தாள். ஒரு பூ ஆய்ந்தாள், ரெண்டு பூ ஆய்ந்தாள்.

"மூணு நாளு கழிச்சு எங்கனயோ ஒதுங்கிக் கெடந்துச்சாம்," என்றார் சார். "அண்ணாச்சி அதப் பொதச்சிட்டு, இக்கரைக்கே திரும்பி வந்துட்டாராம். கல்யாணமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லயாம்."

"யாரு சொன்னா?" என்று செல்லக்கனி வெடித்தாள். கையிலிருந்த பூவை மடியில் போட்டாள். "எந்தக் கோட்டிக்காரப் பய சொன்னான் செத்துச்சுன்னு? கழுதை எங்க செத்துச்சு? ஒண்ணுந் தெரியாம வாயில வந்ததச் சொல்லாதீய! கதையக் கேட்டா ஒழுங்காக் கேக்கணும், இல்லன்னா கேட்டவங்ககிட்ட கேக்கணும்."

"அப்படித்தான் சொன்னாவ..."

"சொன்னாவளாம் சொன்னாவ. நான் கேட்டேன், எங்கிட்டல்லா அண்ணாச்சி சொன்னாரு! வாத்தியாரு கணக்காச் சொல்லியும் கழுதை அசையலையா, பொறவு தண்ணி கழுத்துக்கு வந்துட்டு. சரி, சாவப்போறோம்னு அண்ணாச்சி தொப்பியக் கழட்டிக் கழுதைக்கு ஒரு கும்புடு போட்டிருக்காரு. அப்பம் கல்யாண வீட்டுக்கு அங்கிட்டு, தண்ணி போற பக்கம் கரையில ஒருத்தி துணி தொவச்சிக்கிட்டிருந்திருக்கா. இவுங்க ரெண்டு பேரும் கலக்குன சேறு பூரா அவ வெளுத்த துணியில வந்து அப்புதாம். இடுப்புல கைய வச்சிக்கிட்டு ஏசுனா பாத்துக்கிடுங்க, ஒரு ஏச்சு! கழுதைய ஏசுனா, அண்ணாச்சிய ஏசுனா, கழுதையோட அப்பன ஏசுனா. இம்புட்டு நேரம் ஒருத்தன் சொல்லுக்கும் அசையாத கழுதை, அந்த ஏச்சக் கேட்டதும் காதத் தூக்கிச்சாம். தூக்கிக்கிட்டு நேர அவகிட்டப் போயி நின்னுட்டாம். அண்ணாச்சியும் கழுதை மேலயே உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. கல்யாணத்துக்கு நேரமாயிட்டு, அங்க பொண்ணு வேற ஒருத்தனக் கெட்டிக்கிட்டா. அண்ணாச்சி இவளக் கெட்டிக்கிட்டாரு. நாப்பது வருசம், ஒரு நாளு அவ வாயி ஓயலையாம், ஒரு நாளு அவருக்குச் சலிக்கலையாம்."

அவள் மூச்சு வாங்கினாள். அடுக்களை முழுக்க அவள் குரல் இருந்தது. அந்தப் பேச்சில் திருத்துவதற்கு எத்தனையோ இருந்தன, ஒவ்வொன்றும் சாரின் காதில் விழுந்தது, ஒவ்வொன்றும் அவருக்கு வேண்டியிருந்தது. இவள் இதோடு நிறுத்திவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"பொறவு?" என்று கேட்டார்.

செல்லக்கனி அவரை நிமிர்ந்து பார்த்தாள். சார் கண்ணை எடுக்கவில்லை, கையில் இருந்த பூவை மட்டும் கசக்கிக்கொண்டிருந்தார்.

"பொறவு என்ன, கதை முடிஞ்சுட்டுல்லா," என்றாள். மடியிலிருந்த பூவை எடுத்தாள், கள்ளனை இழுத்துப் போட்டாள், இன்னொன்றை எடுத்தாள். பிறகு, குனிந்த தலை குனிந்தபடியே, மெதுவாகச் சொன்னாள்: "எங்க அண்ணன் செத்துப்போன அன்னைக்கு விடியக்காலம் ஒரு கனா கண்டேன். அதையும் சேத்து ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் ஓடியாந்தேன்."

"சொல்லு," என்றார் சார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சார் வாழைப்பூத் தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, ஆய்ந்துகொண்டே கேட்டார்.